பீக்கன் தோட்டத்துக்கு ஒரு குட்டைக் குழல் ரைஃபிள்: காலிபரும் ஸ்கோப்பும் முடிவான விதம்

டெக்சஸின் நடுப்பகுதியில் உள்ள சான் சபா வட்டாரம் பீக்கன் கொட்டைக்குப் பேர்போனது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொட்டை உதிரத் தொடங்கியதும் ஆற்றோரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். கொட்டையைத் தின்றுவிட்டுப் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூக்கால் மண்ணை உழுது, அறுவடை இயந்திரம் ஓட வேண்டிய சமதரையைக் குழியும் மேடுமாக்கிவிடுகின்றன. மாநிலம் முழுவதும் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு இவற்றைச் சுட வேட்டை உரிமமும் தேவையில்லை.

நான் போய்வரும் தோட்டத்தின் உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர். அவர் வைத்த நிபந்தனைகள்தான் இந்த ரைஃபிளின் வடிவத்தைத் தீர்மானித்தன. வீட்டுப் பக்கம் சுடக் கூடாது. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் கன்று ஈனும் பசுக்கள் மிரளக் கூடாது. அடிபட்ட பன்றி வேலி தாண்டி ஓடிச் சாகக் கூடாது. மரவரிசைகளுக்கு நடுவே பார்வை எட்டும் தூரம் 30 கெஜத்திலிருந்து 80 கெஜம் வரை. தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் மட்டும் ஓட்ஸ் விதைத்த ஒரு வயல் இருக்கிறது. அங்கே 150 கெஜம் வரை வாய்ப்பு உண்டு. பழைய வண்டியின் முன்னிருக்கையிலிருந்து இறங்கி, மரத்தில் முட்டாமல் திரும்பி, சாய்ந்து நின்று சுட வேண்டும். 16 அங்குலக் குழலின் நுனியில் ஏழு அங்குல ஒலியடக்கியையும் மாட்டினால் அந்த இடத்துக்கு அது மிக நீளம்.

எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்ற கேள்வியோடு தொடங்குபவர்களைத்தான் எங்கும் பார்க்கிறேன். தூரத்தையும் சத்தத்தையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டால் காலிபர் தானாக வந்து நிற்கும், அந்தக் காலிபரின் பாதை ஸ்கோப்பைச் சொல்லிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்கோப்பை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அதற்கேற்ற குழலைத் தேடுவது தலைகீழ் வேலை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் மன்னிப்பு இல்லை. ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஒலியடக்கியும் அதே சட்டத்தில்தான் வருகிறது. இரண்டையும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பிடம் பதிவு செய்து, கைரேகையும் படமும் கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகே கையில் வாங்க முடியும். 1934 முதல் மாறாமல் இருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் இவ்விரண்டுக்கும் பூஜ்யமாகிவிட்டது. ஆனால் பதிவு அப்படியே இருக்கிறது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் தனிமனிதர் ஒலியடக்கி வைத்திருக்கவே முடியாது. இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. நான் குடியுரிமை பெற்ற பின்னரே இந்தப் பக்கம் வந்தேன். குழலைக் குட்டையாக்கும் வேலையையும் நானாகச் செய்யவில்லை. ஆலையிலேயே குட்டைக் குழலோடு செய்த ரைஃபிளையும் ஒலியடக்கியையும் உரிமம் பெற்ற வணிகர் வழியாக நான்காம் எண் படிவத்தில் வாங்கினேன்.

இனி காலிபர். இறுதிப் போட்டி 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கும் .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கும் இடையில்தான் நடந்தது.

5.56 மலிவானது, எந்தக் கடையிலும் கிடைக்கும், என்னிடம் ஏற்கெனவே அந்தக் காலிபரில் ஒரு முழுநீள ரைஃபிளும் இருக்கிறது. ஆனால் அதன் பலமெல்லாம் வேகத்தில் இருக்கிறது. 20 அங்குலக் குழலில் 55 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு 3,200 அடியைத் தாண்டிப் பறக்கும். குழலைப் பத்து அங்குலமாகக் குறைத்தால் அதில் ஐந்நூறு அடிக்கும் மேல் போய்விடும். அந்தத் தோட்டாவின் வெடிமருந்து நீண்ட குழலில் மெல்ல எரியும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. குழல் முடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும் மருந்துதான் நெருப்பாகவும் அதிர்வாகவும் வெளியே வருகிறது. ஒலியடக்கி அதில் பெரும்பங்கை விழுங்கினாலும், குண்டு ஒலியின் வேகத்தைக் கடப்பதால் எழும் சாட்டையடிச் சத்தத்தை எந்த ஒலியடக்கியாலும் தடுக்க முடியாது. அது குழலில் பிறப்பதில்லை, குண்டு போகும் வழியெல்லாம் பிறந்துகொண்டே போகிறது. 5.56ஐ ஒலிவேகத்துக்குக் கீழே இறக்கினால், அந்தச் சிறிய குண்டில் பன்றியைக் கொல்லும் வலு மிஞ்சாது.

.300 பிளாக்அவுட் இந்த இடத்துக்காகவே பிறந்தது. அட்வான்ஸ்ட் ஆர்மமென்ட் கார்ப்பரேஷன் உருவாக்கி, 2011 ஜனவரியில் அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான சாமியின் ஏற்பைப் பெற்றது. ஜே.டி. ஜோன்ஸ் அதற்கு முன்பே செய்திருந்த .300 விஸ்பர் இதன் மூத்த உறவு. 5.56 தோட்டாவின் கூட்டைக் குட்டையாக வெட்டி, .308 அங்குலக் குண்டைப் பொருத்தியதுதான் அடிப்படை. அதனால் ஏஆர்-15 வகை ரைஃபிளில் குழலைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. தோட்டாவைக் குழலின் பின்முனையில் தள்ளிப் பூட்டும் போல்ட்டும், தோட்டா அடுக்கும் மேகசினும் அதேதான். மருந்து கைத்துப்பாக்கி மருந்தைப் போல விரைந்து எரிவது. ஒன்பது அங்குலக் குழலிலேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். 110 கிரெயின் குண்டைப் போட்டால் என் குழலில் நொடிக்கு ஏறத்தாழ 2,150 அடி. 190 முதல் 220 கிரெயின் வரையான கனத்த குண்டைப் போட்டால் 1,000 அடியை ஒட்டி, ஒலிவேகத்துக்குக் கீழே. ஒரே ரைஃபிளில் இரண்டு குணம்.

இங்கே புகழ்ச்சியை நிறுத்திக் கணக்கைப் பார்க்க வேண்டும். 220 கிரெயின் குண்டு 1,010 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 500 அடி-பவுண்டு. நல்ல கைத்துப்பாக்கியின் அளவுதான் அது. ரைஃபிள் குண்டு என்ற பெயரை வைத்து அதனிடம் ரைஃபிளின் வேலையை எதிர்பார்க்கக் கூடாது. சாதாரண ரைஃபிள் குண்டு அந்த வேகத்தில் விரியவே விரியாது. பென்சில் கனத் துளையோடு மறுபக்கம் போய்விடும், பன்றி அரைமைல் ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். வளர்ந்த ஆண்பன்றிக்குத் தோள்மேல் கெட்டியான நார்த்தகடு வேறு உண்டு. எனவே குறைந்த வேகத்தில் விரியும்படியே வடிவமைத்த குண்டு கட்டாயம். ஹார்னடியின் 190 கிரெயின் சப்-எக்ஸ் அப்படிப்பட்டது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு தோட்டாவுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகிறது. பயிற்சிக்கு மலிவான தோட்டா போதும், உயிருள்ள விலங்கின்மேல் அந்தச் சிக்கனம் கொடுமை.

அந்தக் குண்டோடும் எனக்கு நானே ஓர் எல்லை போட்டுக்கொண்டேன். ஒலிவேகத்துக்குக் கீழான தோட்டா 75 கெஜத்துக்குள் மட்டும். ஓட்ஸ் வயலுக்கு 110 கிரெயின் வேகத் தோட்டா. வேகத் தோட்டாவை ஒலியடக்கியோடு சுடும்போது சாட்டையடிச் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒலியடக்கி இல்லாத 5.56 குட்டைக் குழலோடு ஒப்பிட்டால் அது மனிதர் தாங்கக்கூடியது, பசுக்கள் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மேயப் போய்விடுகின்றன. எந்தத் தோட்டாவானாலும் காதடைப்பான் வைக்காமல் நான் சுடுவதில்லை. ஒலியடக்கி 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. சினிமாவில் காட்டுகிற மெல்லிய 'புஸ்' அல்ல அது.

7.62x39ஐயும் 9 மில்லிமீட்டரையும் நண்பர்கள் சொன்னார்கள். முந்தையதற்கு ஏஆரில் மேகசின் தொல்லை. பிந்தையது 50 கெஜத்துக்கு மேல் எனக்கு நம்பிக்கை தரவில்லை. 8.6 பிளாக்அவுட்டின் கனமான குண்டு உண்மையிலேயே ஆசையைக் கிளப்பியது. ஆனால் அதற்குப் பெரிய சட்டகமுள்ள ரைஃபிள் வேண்டும், எடை கூடும்.

.300 பிளாக்அவுட்டின் பெரிய ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. அந்தத் தோட்டா 5.56 ரைஃபிளின் மேகசினில் அழகாகப் போய் உட்காரும். சில குண்டு வடிவங்களில் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளும் நுழைந்துவிடும். அப்போது விசையை அழுத்தினால் .308 அங்குலக் குண்டு .224 அங்குலக் குழலில் நுழைய முயன்று ரைஃபிளே வெடித்துச் சிதறும். இரண்டு காலிபரும் வைத்திருக்கும் வீட்டில் இது கற்பனைப் பயம் அல்ல. என்னிடம் .300 மேகசின் எல்லாம் மணல்நிறம், 5.56 மேகசின் எல்லாம் கறுப்பு. இரண்டு ரைஃபிளும் ஒரே நாளில் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

குழல் ஒன்பது அங்குலம். குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளத்தின் முறுக்கு ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று. கனத்த குண்டு நீளமானது, மெல்லப் போவது. போதிய சுழற்சி இல்லையென்றால் தலை ஆடும். ஆடும் குண்டு ஒலியடக்கியின் உட்தகட்டில் உரசினால் ஒலியடக்கி பாழ், சில நேரம் சுடுபவருக்கும் ஆபத்து. எட்டுக்கு ஒன்று முறுக்கும் பெரும்பாலும் போதும் என்கிறார்கள். குளிர்காலக் காலையில் காற்றின் அடர்த்தி கூடும்போது எனக்குக் கூடுதல் காப்பு வேண்டியிருந்தது.

ஒலியடக்கியைத் தேர்ந்தபோது முதலில் பார்த்தது, உற்பத்தியாளர் எத்தனை அங்குலக் குழல்வரை அனுமதிக்கிறார் என்பதை. பலரும் இதைப் படிக்காமலேயே வாங்குகிறார்கள். நான் எடுத்தது .30 காலிபர் டைட்டானியம் வகை. நானூறு கிராம் சுற்றி எடை. குட்டைக் குழலின் நுனியில் ஒவ்வொரு கிராமும் கையில் தெரியும் என்பதால் டைட்டானியம். வேகமாகத் தொடர்ந்து சுட்டால் டைட்டானியத்திலிருந்து பொறி பறக்கும். நான் ஒன்றிரண்டு தோட்டாவோடு நிறுத்துபவன், எனக்கு அது பொருட்டில்லை. குழல் நுனித் திருகு .30க்குரிய ஐந்தெட்டாம் அங்குல அளவு. ஒலியடக்கியின் பிடிப்பானை மெல்லிய சமவளையங்கள் வைத்தே பொருத்த வேண்டும். நசுங்கிப் பிடிக்கும் வகை வளையம் பிடிப்பானைக் கோணலாக உட்காரவைத்துவிடும். பொருத்திய பின், துப்பாக்கி காலியென்று இருமுறை சோதித்துவிட்டு, குழலும் ஒலியடக்கியும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று சோதிப்பதற்கென்றே விற்கும் உருக்குத் தண்டைக் குழலுக்குள் விட்டு, ஒலியடக்கியின் வாயில் அது நட்டநடுவே நிற்கிறதா என்று பார்த்தேன். சுற்றிலும் ஒரே இடைவெளி. இந்தச் சோதனை முடியாமல் முதல் தோட்டாவைச் சுடுவது சூதாட்டம்.

சுடுகளத்தில் முதல் வேலை, காகிதத்தில் துளையைப் பார்ப்பது. 25 கெஜத்தில் கனத்த குண்டின் துளைகள் எல்லாம் வட்டம். பக்கவாட்டில் நீண்ட துளை ஒன்றுகூட இல்லை. அடுத்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, போல்ட் பின்னால் போய் நிற்கிறதா என்று பார்த்தேன். குழலிலிருந்து வரும் வாயுதான் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது, மெதுவான தோட்டாவில் அதன் அழுத்தம் குறைவு. அந்த அழுத்தத்திலும் போல்ட்டைத் தள்ளும் அளவுக்கு வாயுத் துளை பெரிதாக இருந்தால், வேகத் தோட்டாவில் அழுத்தம் மிகுந்து போல்ட் அடித்து நொறுக்கும், கூடவே கரிப்புகை முகத்தில் வீசும். அளவு மாற்றக்கூடிய வாயுக் கட்டை வைத்த ரைஃபிளை வாங்கியது இதற்காகத்தான். மெதுவான தோட்டாவுக்கு ஒலியடக்கியோடு நம்பகமாக ஓடும் மிகக் குறைந்த அளவில் நிறுத்தி, அதிலிருந்து ஒரு படி திறந்து விட்டேன். வேகத் தோட்டா சற்றுக் கடினமாகத்தான் உதைக்கிறது. அதை ஏற்றுக்கொண்டேன்.

ஸ்கோப்புக்கு வருவோம். இங்கேதான் நான் நெடுநாள் நின்றுவிட்டேன்.

குட்டைக் குழலுக்கு, உருப்பெருக்காமல் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட் என்பது எழுதாத விதிபோல ஆகிவிட்டது. எய்ம்பாயின்ட்டின் சிறிய வகைகளும் ஈஓடெக்கின் ஹோலோகிராஃபிக் வகையும் அருமையான பொருட்கள். இரண்டு கண்ணையும் திறந்து, தலை எங்கே இருந்தாலும் புள்ளியை வைத்துச் சுடலாம், எடை குறைவு. அறைக்குள் காவலுக்கென்று இதே ரைஃபிளை வாங்கியிருந்தால் வேறு எதையும் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் என் வலது கண்ணில் ஆஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை இருக்கிறது. வெளிச்சம் மங்கும்போது ரெட் டாட்டின் புள்ளி எனக்கு வால்நட்சத்திரம் போலச் சிதறித் தெரியும். அதைவிட முக்கியம், உருப்பெருக்கம் இல்லாத கண்ணாடியில் அந்தி வேளையில் 70 கெஜத்தில் நிற்கும் கறுப்பு உருவம் பன்றியா, பக்கத்து நிலத்துக் கன்றா, தோட்டத்து நாயா என்று அறுதியிட முடியாது. அறுதியிட முடியாததைச் சுட முடியாது.

ஆகவே ஒன்று முதல் ஆறு மடங்கு வரை பெருக்கும், 24 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட ஸ்கோப். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். நான்கு மடங்கில் ஆறு மில்லிமீட்டர், ஆறு மடங்கில் நான்கு மில்லிமீட்டர். இருட்டில் விரியும் கண்பாவை இளைஞர்களுக்கு ஏழு மில்லிமீட்டரை நெருங்கும், வயது ஏற ஏறச் சுருங்கும். எனவே அந்தியில் நான்கு மடங்கில் வைத்தால் என் கண் ஏற்கக்கூடிய வெளிச்சம் முழுவதும் வந்துவிடுகிறது. ஆறு மடங்குக்குத் திருப்பினால் படம் பெரிதாகும், இருளும். ஒன்று முதல் பத்து வரை பெருக்கும் ஸ்கோப்பைக் கடையில் ஆசையோடு தூக்கிப் பார்த்தேன். 75 கெஜத் தோட்டாவுக்குப் பத்து மடங்கு எதற்கு? எடையும் விலையும்தான் கூடும்.

கடைகளில் இந்த வகை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 5.56 குண்டின் பாதைக்கேற்ப 300, 400, 500 என்று கோடு போட்டவை. .300 பிளாக்அவுட்டில் அந்தக் கோடுகளுக்கு எந்தப் பொருளும் இல்லை. இரண்டு தோட்டாவின் பாதையும் எவ்வளவு விலகுகிறது என்பதுதான் இங்கே முழுக் கேள்வி. என் ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்திலிருந்து 2.6 அங்குலம் உயரத்தில் இருக்கிறது. வேகத் தோட்டாவை 50 கெஜத்தில் நேர்ப்படுத்தினால், 100 கெஜத்தில் அது கால் அங்குலம்தான் மேலே இருக்கும், 150 கெஜத்தில் இரண்டரை அங்குலம் கீழே. அதே குறியில் மெதுவான தோட்டாவைச் சுட்டால் 50 கெஜத்திலேயே மூன்று அங்குலத்துக்கு மேல் தாழும், 100 கெஜத்தில் ஓர் அடிக்கும் கீழே. மேகசினை மாற்றிவிட்டு ஸ்கோப்பை மறந்தால் பன்றியின் காலை உடைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இதற்குத் தீர்வாக, மில் என்ற கோண அளவில் திருப்பும் வெளிக்குமிழும், பூஜ்யத்துக்குக் கீழே போகாத தடுப்பும் உள்ள ஸ்கோப்பைத் தேர்ந்தேன். குமிழின் பூஜ்யம் வேகத் தோட்டாவுக்கு. மெதுவான தோட்டாவுக்கு 1.8 மில் மேலே, அதாவது பதினெட்டுக் கிளிக். அப்படித் திருப்பினால் மெதுவான தோட்டாவும் 50 கெஜத்தில் குறியில் விழுகிறது. 25 கெஜத்தில் வித்தியாசமே தெரியாது, 75இல் இரண்டு அங்குலம் தாழ்வு. கணக்கில் வந்ததைக் காகிதத்தில் சரிபார்த்தபோது உயரம் ஒரு கிளிக்குக்குள் ஒத்துப்போனது. பக்கவாட்டில் மெதுவான தோட்டா ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இடப்பக்கம் விழுகிறது. கனமும் வேகமும் மாறும்போது குழலும் அதன் நுனியில் தொங்கும் ஒலியடக்கியும் வேறு விதமாக அதிர்கின்றன. பன்றிக்கு அது போதுமான துல்லியம், அதனால் பக்கவாட்டுக் குமிழைத் தொடவில்லை. ஒலியடக்கியைக் கழற்றி மாட்டினாலும் குறி இடம் மாறும் என்பதால், அது இல்லாமல் நான் சுடுவதே இல்லை.

குறிக்கோடு இரண்டாம் தளத்தில் உள்ள ஸ்கோப் இது. பெருக்கத்தை மாற்றினாலும் கோட்டின் தடிப்பு மாறாது. நான் கோடுகளைக் கொண்டு தூரம் கணிப்பதில்லை, குமிழைத்தான் திருப்புகிறேன். ஆகவே பெருக்கத்தோடு கோடும் சேர்ந்து மாறும் முதல் தளத்தின் சாதகம் எனக்கு வேண்டியதில்லை. ஒரு மடங்கில் மயிரிழையாய்ச் சுருங்காத கோடுதான் வேண்டும்.

சென்ற பருவத்தில் இந்த அமைப்போடு வரிசைகளுக்குள் சுட்ட பன்றிகள் எல்லாம் நின்ற இடத்திலோ சில பத்தடி தூரத்திலோ விழுந்தன. பன்றியின் இதயம் மானுக்கு இருப்பதைவிட முன்னும் கீழும் இருக்கிறது. முன்னங்காலுக்கு நேர்மேலே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் தவறாது. கூட்டத்தின் மற்றவை ஓடத்தான் செய்கின்றன, ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று புரியாமல் ஓரிரு விநாடி திகைக்கின்றன. தரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மெதுவான கனத்த குண்டு பாறையில் பட்டால் சிதறாமல் முழுசாகத் தெறித்துப் போகும். பன்றிக்குப் பின்னால் ஆற்றங்கரையின் மண்மேடு இருக்கும் கோணத்திலிருந்து மட்டுமே சுடுகிறேன்.

இந்த அமைப்பு செய்யாத வேலை, முழு இருட்டு. கோடையில் பன்றிகள் பெரும்பாலும் நடுநிசியில்தான் வருகின்றன. அப்போது வெப்பப்படக் கருவி இல்லாமல் முடியாது. வெப்பப்பட ஸ்கோப்பை ரைஃபிளில் மாட்டுவதைவிட, கையில் பிடித்துப் பார்க்கும் வெப்பப்படக் கருவியை முதலில் வாங்கப் போகிறேன். இருட்டில் கன்றையும் நாயையும் பிரித்தறிய, துப்பாக்கியை எதன்மேலும் நீட்டாமல் பார்க்க முடிய வேண்டும். ரைஃபிளின்மேல் இருப்பது அப்படியே இருக்கும்: ஸ்கோப் நான்கு மடங்கில், குமிழ் பதினெட்டாம் கிளிக்கில், மணல்நிற மேகசினில் மெதுவான தோட்டா. வேகத் தோட்டா வைத்த மேகசின்களின் அடியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். அதைக் கையில் எடுத்தால் முதலில் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் மாட்டுகிறேன்.